பெருமாளுக்குக் குறைச்சீட்டு எழுதியவர்

கடவுளுக்கே குறைச்சீட்டு எழுதி, அதில் பட்டாச்சாரியாரிடம் கையெழுத்தும் கேட்ட ஒரே மனிதர் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலேயே எங்கள் என்சிதான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கூடவே நின்று பார்த்தவன் நான். பட்டாச்சாரியார் கையெழுத்துப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

என்சி என்பது அவர் பெயர் இல்லை. எங்கள் கம்பெனி, கார் கதவின் பூட்டுக்குள் இருக்கிற ஒரு கொக்கியைச் செய்கிறது. ஒரு விரல் நீளம்தான். நீங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் 'டப்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சோறு. அந்தக் கொக்கியில் குறை கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டர் வேலை இவருக்கு. குறை கண்டால் மஞ்சள் சீட்டு ஒன்றில் எழுதி நீட்டுவார். அந்தச் சீட்டுக்கு இங்கிலீஷில் வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. சுருக்கமாக என்சி. சீட்டின் பெயர் நாளடைவில் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது.

கம்பெனி கேட்டுக்கு உள்ளே என்சி எழுதுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே போயும் எழுதியவர் இவர் ஒருவர்தான். சீட்டில் மூன்று கட்டம் இருக்கும். என்ன குறை, ஏன் வந்தது, என்ன செய்யப் போகிறீர்கள். உலகத்தில் உள்ள எதுவும் இந்த மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. தங்கை முறையாகிற ஒரு பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் மாலை பெண்ணின் மாலையைவிட நாலு விரற்கடை குட்டை என்று எழுதி மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்தார். அந்த மனுஷர் அதை வாழ்த்துக் கவிதை என்று நினைத்து மைக்கில் வாசிக்கக் கொடுத்துவிட்டார். "குறை, நீளம் போதவில்லை. காரணம், கவனக்குறைவு. தீர்வு, உடனே மாற்றவும்" என்று ஒலிபெருக்கியில் கேட்டதும், மாப்பிள்ளையைத்தான் மாற்றச் சொல்கிறார்கள் என்று பெண் வீட்டார் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். சொந்த ஊர் வல்லம் வடகால் பக்கம். குடும்ப நிலத்தில்தான் இன்றைக்கு ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் நிற்கிறது என்பார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. "அங்க சாம்பாரு நல்லா இல்லன்னா எனக்குத்தான் அசிங்கமா கீது" என்பார். அவ்வளவுதான்.

நான் சங்கரன்கோவில்காரன். டிப்ளமா முடித்து, அங்கே இங்கே வேலை பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து, இருங்காட்டுக்கோட்டையில் மூன்று பேரோடு ஒரு ரூமில் இருந்தேன். ரூம், பஸ், லைன், பஸ், ரூம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம். என்சி இதை ஒருநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

"இன்னா தின்னவேலி, வந்து ஆறு மாசமாவுது, இன்னும் ஒண்ணும் பாக்கலியா?" என்றார். நான் தென்காசி மாவட்டம் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கொல்லத்துக்குப் போகும் ரயிலில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் அவருக்குத் தின்னவேலிதான்.

"இங்க பாக்க என்ன இருக்கு? கம்பெனியும் லாரியுந்தானே?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் அவருடைய அம்மாவைக் குறை சொல்லிவிட்ட மாதிரி நின்றார். "எங்க வூட்டுக்கு வந்தவன் வெறும் வாசலப் பாத்துட்டு போனா மரியாதயா? ஞாயித்துக்கெழம கெளம்பு" என்றார். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒழிந்தது.

வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். வெள்ளைப்புலி தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். என்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கே இருந்த காவலாளியிடம் போய், "மெஷினு ரன்னிங்லயே இல்ல. ஒரு மணி நேரமா ஐடில்" என்றார்.

காவலாளி நிதானமான ஆள். "அது சாப்ட்டு படுத்துகீது சார். லீவு நாள்ல நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

என்சி யோசித்தார். அவர் யோசித்தால் புருவம் இரண்டும் சேர்ந்துகொள்ளும். "கரெக்ட்டு" என்று சொல்லி, எப்போதும் கையோடு வைத்திருக்கும் மஞ்சள் சீட்டுப் பேடில் புலிக்கு நேராக ஓகே போட்டார்.

மெட்ராஸ் மியூசியத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று விலா எலும்புகளை எண்ணினார். இடது பக்கம் ஒன்று குறைகிறது என்று பரபரத்தார். மறுபடி எண்ணினார். மறுபடியும் குறைந்தது. என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கு ஒன்று கூடியது. கடைசியில் அங்கே சுற்றிப் பார்க்க வந்த ஒரு ஸ்கூல் பெண்பிள்ளை, "அங்கிள், நீங்க தூணு மறைக்கிற எடத்துல நிக்கிறீங்க" என்று சொல்லி, இரண்டடி தள்ளி நிற்க வைத்தாள். கணக்கு சரியாக வந்தது. அவர் ஒரு சீட்டை எடுத்துத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். 'குறை, பார்த்தவன் நின்ற இடம் சரியில்லை.' நியாயம் என்றால் அவருக்கு எல்லோருக்கும் ஒரே நியாயம்.

ஒரு பூங்கா. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். எட்டு வடிவத்தில் நடைபாதை போட்டிருப்பார்களே, அதில் ரிட்டயரான பெரியவர்கள் சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். சிலர் இந்தப் பக்கமாக, சிலர் அந்தப் பக்கமாக. எட்டின் நடுவில் வரும்போது இரண்டு கட்சியும் முட்டிக்கொண்டு, "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று உபசாரம் நடந்தது. என்சியால் தாங்க முடியவில்லை. நடுவில் போய் நின்று, எல்லோரையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கையைக் காட்டிக் காட்டிப் போக்குவரத்தைச் சரிசெய்தார். பெரியவர்கள் கோபிப்பார்கள் என்று பயந்தேன். அடுத்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. காலை ஏழு மணிக்கு அவருக்கு போன் வந்தது. "தம்பி, இன்னிக்கி டியூட்டிக்கு வரலியா?"

இனி மணிமங்கலம். அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோவில் இருக்கிறது. என்சி சின்ன வயதிலிருந்து கும்பிடுகிற பெருமாள்தான். ஆனால் பேடோடு போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கற்பூர வெளிச்சத்தில் பெருமாளை மேலிருந்து கீழாகப் பார்த்தவர், அப்படியே உறைந்துவிட்டார். என் காதில், "தின்னவேலி, லெஃப்ட்டு ரைட்டு மாறிகீது" என்றார்.

பார்த்தேன். வழக்கமாகப் பெருமாளுக்கு வலது கையில் சக்கரம், இடது கையில் சங்கு. இங்கே சங்கு வலது பக்கம் இருந்தது, சக்கரம் இடது பக்கம். எங்கள் வேலையில் இடது கதவுக் கொக்கியை வலது கதவுப் பெட்டியில் போட்டுவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. என்சி சீட்டை எழுதி, பட்டாச்சாரியாரிடம் நீட்டினார்.

அவர் சீட்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது தப்பில்லேப்பா. பாரத யுத்தத்திலே ஆயுதம் எடுக்கமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டார். அதனால சக்கரத்தை இடது கைக்கு மாத்திண்டு, ஊதறதுக்குத் தோதா சங்கை வலது கையிலே வச்சிண்டிருக்கார்."

"சாமி, டிசைன மாத்துனா அப்ரூவல் வேணுமே?"

"காலங்காலமா ஜனங்க வந்து சேவிச்சுட்டுப் போறா. இதுக்கு மேலே என்ன அப்ரூவல்?"

என்சி மறுபடி யோசித்தார். புருவங்கள் சேர்ந்தன. சீட்டின் கீழே, 'வேண்டுமென்றே செய்த மாற்றம். கஸ்டமர் ஒப்புதல் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெருமாள் மேலிருந்த புகாரை மூடினார். அதற்கப்புறம்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்படி ஊர் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வினை வந்தது. அதை நானே தேடிக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊரில் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. பெண் பெயர் முத்துலட்சுமி. கல்யாணத் தேதி மட்டும் குறிக்கவில்லை. மாமனாருக்கு ட்ரெய்னி என்ற வார்த்தை பிடிக்கவில்லை. வாரா வாரம் போன் செய்து, "மாப்ள, பெர்மனெண்ட் லெட்டரு வந்ததும் வாட்ஸாப்புல போட்டு விடுங்க. மறுநாளே பத்திரிகை அடிச்சிருதேன்" என்பார். லெட்டர் வர வேண்டுமானால் எங்கள் கம்பெனிக்கு ஒரு புதிய காரின் ஆர்டர் வர வேண்டும். ஆர்டர் வர வேண்டுமானால் கஸ்டமர் கம்பெனி அனுப்புகிற ஆடிட்டர் வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். ஆக, என் கல்யாணம் புனேயிலிருந்து வந்த ஒரு மேடத்தின் கையில் இருந்தது.

மேடம் அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வையில் எங்கள் மேனேஜரே இரண்டு தடவை குட் மார்னிங் சொன்னார். முதல் நாள் முழுக்கக் காகிதங்களைப் பார்த்தார். இரண்டாம் நாள் லைனைப் பார்ப்பதாக ஏற்பாடு.

இரண்டாம் நாள் காலையில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கொக்கியை எடுத்து, அளந்து, லைனில் தொங்கும் ஷீட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. அன்றைக்கு ஆடிட் என்று சூப்பர்வைசர் துடை, கூட்டு, அடுக்கு என்று விரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அளக்க நேரம் கிடைக்காது என்று தோன்றியது. ஒன்பது மணி அளவை உண்மையாகவே அளந்தேன். அப்படியே கையோடு கையாக, பத்து, பதினொன்று என்று ஐந்து மணி வரைக்கும் மனசுக்குத் தோன்றிய அளவுகளை எழுதி, எட்டுக் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எழுதும்போது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு மேனேஜர் ஓடி வந்தார். மேடம் ஆறு வருஷமாக இந்த ரோட்டுக்கு வந்து போகிறாராம். ஓட்டலையும் கம்பெனி கேட்டையும் தவிர எதையும் பார்த்ததில்லையாம். பக்கத்தில் பழைய இடம் ஏதாவது உண்டா என்று கேட்டாராம். மேனேஜருக்குத் தெரிந்த ஒரே இடம் ஏர்போர்ட். என்சியைக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். "நீயும் வண்டியில ஏறு. தண்ணி பாட்டில், குடை எடுத்துக்கோ. மேடத்துக்கு வெயில் படக்கூடாது" என்றார் என்னிடம்.

"சார், லைன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"லைன் ஓடிடாது. நீ ஓடு."

வேனில் உட்கார்ந்த பிறகுதான் என் நிலைமை எனக்கு முழுதாக விளங்கியது. மதியத்துக்குள் திரும்பினால், மேடம் லைனுக்குப் போய் ஷீட்டைப் பார்ப்பார். இன்னும் பிறக்காத ஐந்து மணிக்கு என் கையெழுத்து இருக்கும். மாலையில் திரும்பினால் இன்னும் மோசம். நாள் முழுக்க லைனில் நின்று அளந்ததாகக் கையெழுத்துப் போட்டவன், நாள் முழுக்க மேடத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். சாட்சி வேறு யாரும் வேண்டாம், மேடமே போதும். எங்கள் லைனிலேயே வேலை பார்க்கும் ரூம்மேட் பாண்டியைக் கூப்பிட்டு ஷீட்டைக் கிழிக்கச் சொல்லலாம் என்று போன் அடித்தேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. அவன் போன் கேட் லாக்கரில் இருந்துகொண்டு, மூன்று தடவையும் தனியாக அடித்து ஓய்ந்தது.

மணிமங்கலம் வந்ததும் மேடம் போனை எடுத்து போட்டோ பிடிக்க ஆரம்பித்தார். அந்தப் போட்டோக்களின் மூலையில் நேரம் விழுவதைப் பார்த்தேன். அதிலிருந்து நான் குடையை மட்டும் நீட்டிவிட்டு, உடம்பைத் தூணுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஒருமுறை மேடம் திரும்பிப் பார்த்து, இவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்சியிடம் கேட்டார்.

"ஹீ ஈஸ் ட்ரெய்னி மேடம்" என்றார் என்சி. அவரிடம் மொத்தம் அறுபது இங்கிலீஷ் வார்த்தைகள் இருந்தன. எல்லாமே ஷாப் ஃப்ளோர் வார்த்தைகள். அதை வைத்துக்கொண்டு, அந்த ஊரில் நடந்த பல்லவ சாளுக்கியப் போரையே விளக்கினார். "மேடம், சாளுக்கியா கிங் கமிங். பிக் கம்ப்ளெயிண்ட். பல்லவா கிங், இம்மீடியட் ஆக்‌ஷன். ஹியர் ஒன்லி. சாளுக்கியா, ரிட்டர்ன் டு சப்ளையர்." மேடம் தலையசைத்தார். புரிந்தது என்று அர்த்தம்.

உள்ளே போனோம். ஆரத்தி காட்டினார்கள். பெருமாளுக்குச் சங்கும் சக்கரமும் கை மாறியிருப்பதை என்சி சொல்ல வாயெடுப்பதற்குள், மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "லெஃப்ட் ரைட் இன்டர்சேஞ்ச்?" என்று கேட்டுவிட்டார்.

என்சியின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். "பொறந்ததுலேர்ந்து வரேன், எனக்கே போன வருசந்தான் தெரிஞ்சுது. இவுங்க வந்து அஞ்சு நிமிசம் ஆவல" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு இருவரையும் பிரிக்க முடியவில்லை. மதில் கல்வெட்டில் ஒருவர் வரியை எண்ணினால் மற்றவர் சரிபார்த்தார். தூண்களின் இடைவெளியை ஒருவர் காலடியால் அளந்தார், மற்றவர் தப்பு என்றார். இரண்டு மணி நேரத்துக்கு என்று வந்தவர்கள், மதியச் சாப்பாட்டையும் அந்தப் பக்கமே முடித்தார்கள். மேனேஜர் போன் மேல் போன் அடித்தார். என்சி எடுக்கவில்லை. "சைட் விசிட்ல போன் பேசக்கூடாது" என்றார்.

அப்புறம் அவர் எங்களை ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கல் மண்டபம். பெயர்ப்பலகை கிடையாது. வரிசையாகத் தூண்கள். எல்லாத் தூணிலும் யாளி, குதிரை, கொடி என்று இடம் விடாமல் வேலைப்பாடு. ஓரத்தில் ஒரு தூணில் மட்டும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. உருவம் எதுவும் இல்லை.

மேடம் அதைத் தடவிப் பார்த்து, ஏன் இதை முடிக்கவில்லை என்று கேட்டார்.

"தெர்யாது மேடம். மே பி டைம் ஓவர். மே பி மேன் நோ மோர். பட் ஒர்க் நாட் டன், ஸோ நாட் டன்னு அப்டியே வெச்சிட்டான். ஃபால்ஸ் என்ட்ரி, நோ" என்றார் என்சி.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளங்காலிலிருந்து வியர்த்தது. மேடம் போட்டோ எடுக்க அந்தப் பக்கம் போனதும், அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தேன்.

"என்சி, ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லு." வழியில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஷீட்டு... அஞ்சு மணி வரைக்கும் காலைலயே எழுதிட்டேன்."

"தெர்யும்."

"தெரியுமா?"

"ஒம்பதே காலு ரவுண்டுக்கு வரேன், அஞ்சு மணி ரீடிங்கு சிரிச்சிக்கினு நிக்குது. குறுக்க கோடு போட்டு கேன்சல்னு கையெழுத்து போட்டேன். நீ அந்தாண்ட கூட்டிக்கினு இருந்த. புது ஷீட்டு மாட்டி, பக்கத்து லைன் செல்வி அக்காவ நிக்க வெச்சேன். அவுங்க கரெக்ட்டா மணிக்கு மணி அளந்துக்கினு இருப்பாங்க. அப்பால மேனேஜரு கிட்ட போயி, கொட புடிக்க தின்னவேலிய அனுப்புங்கன்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"பின்ன? நீ அங்கியே நின்னா பயத்துல நாளைக்கு ஷீட்டயும் ரொப்பி வெச்சிருப்ப."

எனக்கு அழுவதா, அந்த வெள்ளரிப் பிஞ்சைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை. "காலைல இருந்து செத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

"சரி, அந்தப் பழைய ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டீங்கல்லா?"

என்சி மெல்லுவதை நிறுத்தினார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஷீட்டுக்கு நம்பரு கீது பா. கிழிக்கிறதா? ஃபைல்லதான் வெச்சிகீறேன்."

"மேடம் பாத்துருவாங்களே!"

"பாக்கட்டும். பாக்கத்தான வந்துகீறாங்க."

பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி அந்த ஃபைலில் மாட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்குத் திரும்பியதும், ஐந்தரை மணிக்கு மீட்டிங் ரூமில் மேடம் அந்த ஃபைலைத்தான் முதலில் திறந்தார். செல்வி அக்காவின் ஷீட்டைப் பார்த்தார். ஓகே. அடுத்த பக்கம் புரட்டினார். என் ஷீட்டு. குறுக்கே சிவப்புக் கோடு. ஐந்து மணி வரைக்கும் வரிசையாக என் கையெழுத்து. யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க முடியாது, அது ஒரு புழு நெளிந்த மாதிரிதான் இருக்கும்.

இது யாருடைய ஷீட் என்று கேட்டார் மேடம்.

மேனேஜர் முந்திக்கொண்டு, "ஓல்ட் ஷீட் மேடம், ட்ரையலுக்குப் போட்டது" என்றார். தப்பிக்க வழி அகலமாகத் திறந்து கிடந்தது. தலையை ஆட்டினால் போதும். என்சி என்னைப் பார்க்கவில்லை. சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முத்துலட்சுமியின் ஞாபகம் வந்தது. மாமனாரின் போன் குரலும் வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

"மைன், மேடம்" என்று ஆரம்பித்து, அளக்காமல் எழுதிவிட்டேன் என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

எப்போது கண்டுபிடித்தீர்கள், யார் கண்டுபிடித்தார்கள் என்று மேடம் கேட்டார். என்சி கையைத் தூக்கினார். "நைன் ஃபிப்டீன், மேடம்." ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டார். "கம்பெனி ஷீட் மேடம்" என்றார் என்சி. அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை என்பது போல உட்கார்ந்துவிட்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் போகிற கம்பெனிகளில் எல்லாம் ஷீட் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் என்றார். தப்பு நடந்து கால் மணி நேரத்தில் பிடித்திருக்கிறீர்கள், பிடித்ததை மறைக்காமல் வைத்திருக்கிறீர்கள், செய்தவரும் ஒத்துக்கொண்டுவிட்டார், இன்னும் எனக்கு என்ன வேண்டும் என்றார். ஒரு சின்னக் குறையாக மட்டும் எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார். ஆர்டர் எங்களுக்குத்தான்.

சிமெண்ட் மூட்டையை யாரோ என் முதுகிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன், குடித்துக்கொண்டே இருந்தேன். மேனேஜர் வந்து என்னைத் தனியாக அழைத்துப் போய் ஏழு நிமிஷம் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அவ்வளவு திட்டையும் அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

கம்பெனி பஸ்ஸில் என்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அதைக் கிழிச்சுப் போட்டிருந்தா இவ்வளவு பயம் இருந்திருக்காதுல்லா?" என்றேன்.

"கிழிச்சிருந்தா நீ ஸ்கிராப்பு, தூக்கிப் போட வேண்டிதுதான். வெச்சதால ரீவொர்க்கு, சரி பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த நிமிஷம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

அடுத்த மாதம் லெட்டர் வந்தது. வாட்ஸாப்பில் போட்டேன். மாமனார் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். கல்யாணம் முடிந்து, இருங்காட்டுக்கோட்டையிலேயே ஒரு சின்ன வீடு பிடித்து முத்துலட்சுமியைக் கூட்டி வந்தேன். கொஞ்ச நாளில் கம்பெனி என்சியைக் குஜராத் கிளைக்கு அனுப்பிவிட்டது. அங்கே எந்தக் கோட்டை எத்தனை சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறதோ தெரியாது. ஆனால் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கேஸ் அடுப்பின் டியூபைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் கொக்கி லூசாக இருக்கிறது என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, அவரே முறுக்கினார். முத்துலட்சுமி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, "இன்னா மா, ஊர சுத்திக் காட்டுனானா இவன்? இல்லன்னா சொல்லு, நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிட்டு போறேன்" என்றார். தெருமுனை திரும்பும்வரை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு முத்துலட்சுமி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "யாருங்க இவுக? சொந்தக்காரவுகளா?"

"ஆமா" என்றேன்.

"என்ன மொற வேணும்?"

"கூடப் பொறக்காம போயிட்டாரு, அவ்வளவுதான்" என்றேன்.